பாஞ்சாலையின் சூளைக்கு ஓர் அலாரம்

துர்காதேவியும் நந்தகுமாரும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, சூளையின் வெப்பத்தைப் போனிலேயே காட்டும் சாஃப்ட்வேரைச் செய்து விற்றார்கள். எல்லாவற்றையும் அவர்களே எழுதவில்லை. லாகின், கிராஃப், அலாரம் எல்லாம் ஃப்ரேம்வொர்க் எனப்படும் வெளிநாட்டு மென்பொருள் சட்டகம் ஒன்றில் ஆயத்தமாகவே கிடைத்தன; அதன்மேல்தான் தங்கள் வேலையைக் கட்டியிருந்தார்கள்.

ஆடிக் காற்றில் ஒருநாள் மத்தியானம் தொழிற்பேட்டை முழுக்க நெட் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, பொம்மை யூனிட் நடத்தும் பாஞ்சாலையின் சூளையில் வெப்பம் எல்லை தாண்டி ஏறியது. ஃப்ரேம்வொர்க்கின் அலாரமோ, வெப்ப அளவு எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பினால்தான் அடிக்கும். அன்று அடிக்கவில்லை. போனில் பழைய அளவே அசையாமல் நின்றது. சூளையைத் திறந்தபோது பிள்ளையார் பொம்மைகள் குழைந்து, ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டிக் கிடந்தன.

பாஞ்சாலை சத்தம் போடவில்லை. "உங்க அலாரத்த நம்பித்தான் சூளைகிட்ட ஆளு நிறுத்தல. இனிமே ஆள நிறுத்திடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சூளை ஏற்றும் வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் துர்கா. அலாரத்தை நாமே எழுதுவோம், சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் பெட்டியிலேயே ஓடட்டும், நெட்டே வேண்டாம் என்றாள். நந்தகுமார் தயங்கினான். அந்த ஃப்ரேம்வொர்க்கை உலகம் முழுக்க எத்தனையோ பேர் பார்த்துத் திருத்துகிறார்கள் என்றான்.

"நாளைக்கு உனக்கு ஒடம்பு முடியலன்னா, நீ எழுதினத யாரு பாக்கறது?"

"நீதான். உனக்குப் புரியற மாதிரிதான் எழுதுவேன். புரியாத வரி எதுன்னு சொல்லு, அத அழிச்சிட்டு வேற எழுதறேன்."

அப்படியே எழுதினாள். அவன் வரிவரியாகப் படித்தான். சென்சார் வயர் அறுந்தால் வெப்பம் பூஜ்யம் என்று காட்டி, அலாரம் பேசாமல் இருந்துவிடும் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். துர்கா சிரித்துக்கொண்டே அதைத் திருத்தினாள்.

பாஞ்சாலையின் கண்ணெதிரே காலிச் சூளையை மூட்டி, நெட்டைப் பிடுங்கிவிட்டு, வெப்பத்தை எல்லைக்கு மேல் ஏற்றினார்கள். பெட்டியில் மாட்டியிருந்த சைரன் அலறியது. அடுத்து வயரைக் கழற்றினார்கள். அதற்கும் அலறியது. காதைப் பொத்திக்கொண்ட பாஞ்சாலை, சூளை ஆறியதும் பொம்மைகளை அடுக்கச் சொல்லி ஆட்களுக்குக் கைகாட்டினாள்.

திரும்பும் வழியில் நந்தகுமாருக்கு உற்சாகம் தாளவில்லை. ஃப்ரேம்வொர்க்கையே தூக்கிவிட்டு எல்லாவற்றையும் சொந்தமாக எழுதிவிடலாம் என்றான்.

"வேணாம் நந்தா. லாகினு, கிராஃபெல்லாம் அவங்க நம்மள விட நல்லாவே செஞ்சிருக்காங்க. அது ஒருநாள் நின்னா, யாருக்கும் நஷ்டமில்ல. எது நின்னா சரக்கு போயிடுமோ, அது மட்டும் நம்ம கையில இருக்கட்டும்."

அவன் ஒப்புக்கொண்டான். விஷயம் பரவி, மின்கம்பத்துக்கான பீங்கான் செய்யும் யூனிட் ஒன்றும் அந்த சைரனைக் கேட்டது. அதைப் பொருத்த, ஒவ்வொரு வரியும் அத்துப்படியாகியிருந்த நந்தகுமார் தனியாகவே கிளம்பிப் போனான்.