சாமான் அறையில் ஒரு கொல்லைப்புறம்

கண்ணாடிக்காரர் சுவரில் ஓட்டை போட்டது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அன்று அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. சாமான் அறையில் டப்பாக்கள் வைக்க ஒரு பலகை அடித்துத் தரச் சொல்லி, அவர் மனைவி ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாதமும் அவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

தொழில் அப்படி. லென்ஸை ஃப்ரேமுக்குள் உட்கார வைக்க மயிரிழை தவறினாலும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் பலகைக்கும் மூன்று தடவை அளந்து, பென்சிலால் நான்கு புள்ளி வைத்து, டிரில்லிங் மெஷினின் ஊசியில் 'இதுக்கு மேல் போகாதே' என்று சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். மூன்று ஓட்டைகள் ஒழுங்காக விழுந்தன. நான்காவதில் ஊசி வெண்ணெயில் போவது போலப் போய்விட்டது. டேப், கீப் எதையும் மதிக்கவில்லை. மெஷினை இழுத்தபோது, சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு வெளிச்சக் குச்சி அறைக்குள் நீண்டது.

"போச்சு" என்றார்.

போனது வெறும் சுவர் இல்லை. அந்தப் பக்கம் கொழுந்தியாளின் கொல்லைப்புறம்.

அவர் மனைவியும் கொழுந்தியாளும், அக்காவும் தங்கையுமாக, ஒரே நடுச்சுவர் வைத்த இரட்டை வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். அதே சுவரில் ஒரு காலத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் இருந்தது. கிண்ணம் போகவும் கிண்ணம் வரவும் மட்டும். இங்கே சூப் வைத்தால் அங்கே மணக்கும். அங்கே கேக் கருகினால் இங்கே சிரிப்பு கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஏரிக்கரைக்குப் போனபோது எல்லாம் கெட்டது. அக்கா விடியற்காலையில் எழுந்து மூன்று கிலோ உருளைக்கிழங்கை வறுத்து, முட்டை அவித்து, தூக்கு நிறையக் கொண்டுபோனாள். தங்கை வழியில் ஒரு கடையில் இறங்கிப் பெட்டி பெட்டியாகச் சாப்பாடு வாங்கிவிட்டாள். பிள்ளைகள் பெட்டியின் மேல் பாய்ந்தார்கள். தூக்கு திறக்கப்படாமலே திரும்பியது. என் கைச் சமையல் இனி உன் வீட்டுக்கு வராது என்று அக்கா சொல்ல, யார் கேட்டது என்று தங்கை சொல்ல, மறுநாளே ஜன்னலை அடைக்கும்படி உத்தரவானது.

அடைத்தது கண்ணாடிக்காரர்தான். மேல்பூச்சு அவ்வளவு சுத்தம். பூசியவருக்கே இடம் மறந்துவிட்டது. ஆனால் சுவர் ஏன் வெண்ணெயாக இருந்தது என்பதில் அவருக்கு மட்டும் ஏனோ ஆச்சரியம் இல்லை.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். பேண்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தவள், வாயில் இரண்டு குண்டூசியோடு வந்தாள். ஓட்டையைப் பார்த்ததும், பேசுவது அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று பின்னாலிருந்த கதவைச் சாத்தினாள். அறை இருண்டது.

அப்போதுதான் அது வந்தது.

வெள்ளைப் பெயிண்ட் அடித்த கதவின் உள்பக்கத்தில், ஒரு பெரிய தட்டு அளவுக்கு வட்டமாக ஒரு வெளிச்சம். அதற்குள் கீழே நீலமாக வானம் தேங்கியிருந்தது. மேலே மண்தரை. தரையிலிருந்து துவைக்கும் கல் தொங்கியது. கொடியில் போட்ட சட்டைகள் கையை ஆட்டியபடி மேல்நோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

"யாரது, தலைகீழா நடந்து வர்றது?" என்றாள் அக்கா, குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"உன் தங்கச்சி."

"அவ எப்பவும் அப்படித்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, கண்ணை எடுக்கவில்லை. இருட்டறையில் சின்ன ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் வெளியில் இருப்பதைத் தலைகீழாகக் கொண்டுவந்து போடும் என்று கண்ணாடிக்காரர் விளக்கினார். சாயங்காலமே சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவதாகவும் சொன்னார். பலகை வேலை முடியட்டும், எல்லாம் சேர்த்துப் பூசிக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னாள். ஏழு மாதத்தில் அவள் அவசரப்படாத முதல் நாள் அது.

செவ்வாய்க்கிழமை, தைத்த பேண்ட்டை வாங்க வந்தவள் ஒரு செய்தியை வைத்துவிட்டுப் போனாள். அவள் கணவருக்கும் தங்கையின் கணவருக்கும் ஒரே தபால் அலுவலகம். தங்கையின் கணவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய ஊர். வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை லாரி.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்படியா என்று மட்டும் கேட்டாள். அன்று தைத்த ஒரு பாவாடையில் மடிப்பு ஏறுமாறாக விழுந்து, மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

கையில் நான்கு நாள் இருந்தது. நான்கே நாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதால் பேசாமல் இருக்க முடிந்தது. இல்லாத ஒருத்தியிடம் எப்படிப் பேசாமல் இருப்பது?

"நீயே போய்ப் பேசினா என்ன?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"பெரியவ நானா, அவளா?"

"நீதான்."

"அதனாலதான் போகல."

இதற்கு மேல் கேட்டால் ராத்திரி சோறு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் கடையிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு குட்டி லென்ஸ் கொண்டுவந்தார். பழைய சரக்கு, முக்கால் பவர், யாரும் வாங்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓட்டைக்குத் தகுந்தபடி ஓரம் தேய்த்த அந்த லென்ஸைப் பசை தடவிப் பதித்தார். கதவைச் சாத்தியபோது படம் கழுவி விட்டது போல இருந்தது. துணிக் கிளிப்பின் நிறம் கூடத் தெரிந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கொல்லையில் வெயில் நிறையும். அந்த நேரத்தில் தையல் மெஷின் சத்தம் நின்றுவிடும். அக்கா சாமான் அறைக்குள் பாய் விரித்து, கதவுப் பக்கம் தலை வைத்து மல்லாந்து படுத்துக்கொள்வாள். முகவாயைத் தூக்கி அண்ணாந்து பார்த்தால் படம் நேராகிவிடும். வானம் மேலே போகும், தரை கீழே வரும், தங்கை காலில் நடப்பாள். சத்தமில்லாத உலகம். தங்கை ஒரு போர்வையை உதறுவாள். அது நீருக்குள் விரிவது போல மெல்ல விரியும். ஒரு பட்டாம்பூச்சி கதவின் தாழ்ப்பாள் வரை வந்துவிட்டுத் திரும்பும். அறையின் சோப்பு வாசனையும் மாவு வாசனையும் கலந்து, கண் சொக்கும். பாதி விழிப்பில் அக்காவுக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. இரண்டு பேரும் ஒரே தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கும் தலை சுற்றவில்லை.

தங்கை இளைத்திருந்தாள். ஒரு தடவை கொடிக்கு அருகில் நின்று இந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தாள். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். பிறகு, படுத்த இடத்திலேயே வாயசைத்துச் சில வார்த்தைகளை ஒத்திகை பார்த்தாள். எழுந்ததும் அவை ஒட்டாமல் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாளே பலகை மாட்டிவிடுவதாகக் கண்ணாடிக்காரர் சொன்னதை நம்பி, சமையலறை டப்பாக்களையெல்லாம் அக்கா சாமான் அறைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். பலகை சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. பாய் விரிக்க இடமில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

கொடி அவிழ்க்கப்பட்டிருந்தது. துணி இல்லை, ஆள் இல்லை. வட்டத்துக்குள் துவைக்கும் கல்லின் ஓரமும் ஒரு கிண்ணமும் மட்டும். விளிம்பில் பூச்சு உதிர்ந்த நீல எனாமல் கிண்ணம். அக்காவின் கிண்ணம்தான்; ஜன்னல் அடைபட்ட நாளில் அந்தப் பக்கமே நின்றுபோனது. அது வாய் கீழே இருக்கக் கவிழ்ந்திருந்தது.

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் இரண்டு பேருக்குள் மட்டும் உள்ள வழக்கம். கோபம் வந்தால் தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கவிழ்ந்த கிண்ணம் என்றால் எனக்குச் சாப்பாடும் வேண்டாம், உன் பேச்சும் வேண்டாம். நிமிர்த்தி வைத்தால் வா, ஏதாவது போடு என்று அர்த்தம். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் ஒரு நாளும் சொன்னதில்லை. கிண்ணம் சொல்லிவிடும்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கண்ணாடிக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஓட்டையை இன்னிக்கே பூசிடுங்க."

"பலகை..."

"பலகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பூசுங்க."

ஒரு பழைய டப்பா மூடியில் சிமெண்ட்டைக் குழைத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். அவள் கதவருகில் நின்று, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது போல முந்தானையால் துடைத்துக்கொண்டாள். லென்ஸ் வீணாகக் கூடாது என்று அவர் அதைப் பெயர்த்துப் பையில் போட்டார். பூசுவதற்கு முன்னால் ஒரு கண்ணை மூடி, ஓட்டை வழியாக நேராகப் பார்த்தார். சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒரு குருவி. உன் நீலக் கிண்ணத்துக்குள்ள உக்காந்துகிட்டு, முதலாளி மாதிரி சுத்திப் பாக்குது."

"எதுக்குள்ள?"

"கிண்ணத்துக்குள்ளதான்."

"கவுத்து வச்ச கிண்ணத்துக்குள்ள குருவி எப்படி உக்காரும்?"

"யாரு கவுத்து வச்சா?" என்று அவர் திரும்பிப் பார்த்தார். "நிமிந்துதானே இருக்கு. நீ எங்க பார்த்தே, கதவுலயா? உக்காந்துகிட்டா, படுத்துகிட்டா?"

இத்தனை நாளும் படுத்தே பார்த்ததில், உட்கார்ந்து பார்த்தால் படம் தலைகீழ் என்பதே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. அவள் அவரை நகர்த்திவிட்டுத் தானே ஓட்டையில் கண்ணை வைத்தாள். வெயிலில் கிண்ணம் வானத்தைப் பார்த்து வாய் திறந்திருந்தது. குருவி பறந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. அக்கா சமையலறைக்குள் போனாள். உருளைக்கிழங்குகள் தோல் உரிந்தன, துண்டாயின, எண்ணெய்க்குள் இறங்கின. கரண்டியைப் பிடித்தபடியே ஜன்னலை உடைக்கச் சொன்னாள். குழைத்த சிமெண்ட் மூடியிலேயே இறுகிக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் சுத்தியலைத் தேடினார். கிடைத்ததும் இரண்டு தட்டுத் தட்டினார். முழு ஜன்னலும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது என்ன சுவரா, பிஸ்கட்டா?" என்றாள் அக்கா.

அவர் தலையைச் சொறிந்தார். இரண்டு வரிசைச் செங்கல் வைப்பதாகச் சொல்லி, ஒரே வரிசையை, அதுவும் நிறுத்தி வைத்து, மண்ணைக் குழைத்து ஒட்டியிருந்ததை ஒப்புக்கொண்டார். எப்படியும் ஒரு நாள் உடைக்கச் சொல்வாள் என்று தெரியும், அதனால் மேல்பூச்சை மட்டும் அழகாகப் பூசினேன் என்றார். அந்தப் பக்கத்து வரிசையைச் சகலை வைப்பதாகப் பேச்சு. சகலை வெறும் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

தூசி அடங்கியபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் நின்றது. தலையில் துண்டு, மூக்கில் சுண்ணாம்பு.

தங்கைதான் முதலில் வாய் திறந்தாள்.

"காலையில எட்டு மணிக்கு வச்ச கிண்ணம். மணி இப்ப மூணு."

"எனக்குத் தலைகீழாத் தெரிஞ்சுது."

"உனக்கு எது நேராத் தெரிஞ்சிருக்கு?"

அக்கா சிரித்துவிட்டாள். தங்கைக்கும் உதடு கோணியது. அது சிரிப்பில் முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பேசினாள்.

"புதன்கிழமை சுவத்துல கண்ணு மாதிரி ஏதோ மின்னுச்சு. அத்தான் கடைக் கண்ணாடின்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீ பார்க்கிறியோ என்னவோன்னு அதுக்கு நேரா நின்னேன். துவைச்ச துணியவே திரும்பத் திரும்பத் துவைச்சேன் அக்கா. இவரோட சட்டை வெளுத்தே போச்சு."

அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தங்கையின் மூக்கிலிருந்த சுண்ணாம்பைக் கட்டைவிரலால் துடைத்தாள். துடைக்க வேண்டியதை விட அதிக நேரம் துடைத்தாள். பிறகு கிண்ணத்தைக் கேட்டாள். நீலக் கிண்ணம் வந்தது; கழுவி, வறுவல் நிறைந்து திரும்பப் போனது. தங்கை நின்றபடியே தின்றாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். இரண்டு வருஷமாக யாரும் அக்காவிடம் அப்படிச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, பிள்ளைகளின் சைக்கிள் ஏறியது. அக்காவும் சேர்ந்து மூட்டை கட்டினாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த தங்கையின் மடியில், மூடாமல், நிமிர்ந்தபடி அந்தக் கிண்ணம் இருந்தது.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன். திருப்பிக் கொடுக்க வரணும்ல."

"உப்புக் குறைச்சு வைக்கிறேன்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேசினார்கள்.

ஜன்னலைக் கண்ணாடிக்காரர் மறுபடி அடைக்கவில்லை. டப்பாக்களுக்கு வாங்கிய பலகையை அறுத்து, கீல் வைத்து ஜன்னல் கதவாக மாட்டினார். நடுவில் ஓட்டை போட்டு, முக்கால் பவர் லென்ஸைப் பதித்தார். டப்பாக்கள் தரையிலேயே இருந்தன. இன்னொரு பலகை எப்போது என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு டப்பாக்களை ஓரமாக ஒதுக்கி, பாயை விரித்து, ஜன்னலைச் சாத்தி, அறைக் கதவுப் பக்கம் தலை வைத்துப் படுத்தாள். வட்டத்துக்குள் வெயில், கல், வெறுந்தரை. கல்லின் மேல் அந்தக் குருவி வந்து உட்கார்ந்தது. கிண்ணம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு தடவை கொத்திப் பார்த்தது. அக்காவின் கண் சொக்கியது.