சைதுன்னிசா சாகாத கதை

1

இந்தக் கதை ஒரு பலகையில் ஆரம்பித்தது. பனியன் கம்பெனிகள் நிறைந்த அருள்புரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றபோது எதிர்ச் சந்தில் அதைப் பார்த்தேன்: 'ரூம் வாடகைக்கு விடப்படும். குடும்பம் வேண்டாம்.' மற்ற ஊர்களில் கல்யாணமாகாத ஆட்களுக்குத்தான் வீடு கிடைக்காது. இங்கே எல்லாம் தலைகீழ். ஓர் அறையில் எட்டுப் பேரைப் படுக்கவைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் வருகிற வாடகை, புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் என்று வருகிறவர்களிடம் வருமா? வராது. அதனால் குடும்பம் வேண்டாம்.

அடுத்த பஸ் வருவதற்குள் அந்தப் பலகைக்குப் பதில் சொல்ல ஒருவரை உண்டாக்கிவிட்டேன். தன் நிலத்தை, குடும்பங்கள் குறைந்த வாடகையில் குடியிருக்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிற ஒரு பெண்மணி. பெயர் சைதுன்னிசா. உயில் கதையாயிற்றே, சாவில் தொடங்கினால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

தொடக்கம் ஒன்று: சைதுன்னிசா மௌத்தான மூன்றாம் நாள், மகன் கலீல் பீரோவைத் திறந்து —

(பீரோ, சாவி, உள்ளே ஓர் உறை. எனக்கே கொட்டாவி வந்தது.)

தொடக்கம் இரண்டு: ஆஸ்பத்திரிக் கட்டிலில் சைதுன்னிசா மெல்லக் கண் திறந்து —

கண் திறந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, எனக்கு என்ன கேடுங்க? சுகர்கூட இல்லீங்க. குடோன்ல லோடு வந்து நிக்குது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். திரும்பப் படுக்கவைக்க என்னால் ஆகவில்லை. ஆகவே அவர் போன பக்கமே நானும் போகிறேன். நீங்களும் வாருங்கள்.

2

போன இடம் பல்லடம் ரோட்டை ஒட்டிய அவருடைய வேஸ்ட் குடோன். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளை வாங்கி, நிறம் பிரித்து, காயவைத்து விற்பார். கணவர் நஸ்ருதீனோடு சேர்ந்து தொடங்கிய தொழில். அவர் இறந்த பிறகும் ஒரு நாள்கூட ஷட்டரை இறக்கியதில்லை. குடோனுக்குப் பின்னால் சைதுன்னிசா பெயரில் காலி நிலம். பன்னிரண்டு சின்ன வீடுகள் அதில் வரும். மகன் கலீலின் யோசனை வேறு: அம்மா காலத்துக்குப் பிறகு அங்கே ஹாஸ்டல் கட்டி, தலைக்கு இவ்வளவு என்று விட வேண்டும்.

சைதுன்னிசாவுக்கு ஏன் குடும்பங்கள் மேல் இவ்வளவு அக்கறை? கைக்குழந்தையோடு மழையில் வாசல் வாசலாக அலைந்த ஓர் இளமைக் காலத்தை எழுதி அவர் முன்னால் வைத்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.

"இதெல்லாம் நடக்கவே இல்லீங்க" என்றார். "எங்க அத்தா சொந்த ஊட்டுல வெச்சுத்தான் எனக்குக் கல்யாணம் பண்ணுனாரு. இங்க சுத்தியும் ஆம்பளைகளோட பேன்ட்டு மட்டும் காயுது பாருங்க. நாலு புள்ளைக கத்திட்டு ஓடுனா நல்லா இருக்கும். அவ்வளவுதானுங்க."

மழை மொத்தத்தையும் அடித்துவிட்டேன். சந்தோஷத்துக்காகத் தருமம் செய்கிற ஒருவரை நான் இதற்கு முன் எழுதியதில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சைதுன்னிசா உயில் எழுத வக்கீல் ஞானசம்பந்தத்திடம் போனார். அவர் விளக்கினார்: "உங்க முறைப்படி மூணுல ஒரு பங்குதாங்க உயில்ல தருமத்துக்கு எழுத முடியும். மீதி புள்ளைகளுக்கு. அதுக்கு மேல வேணும்னா புள்ளைக சம்மதிக்கணும்."

"இப்பவே கேட்டு வாங்கிக்கறேனுங்க."

"இப்பச் சொன்னாச் செல்லாதுங்களே. உங்க காலத்துக்கு அப்பறம் அவங்களாச் சொல்லணும்."*

மூன்றில் ஒரு பங்கு என்றால் நாலு வீடு. அது உறுதி. மற்ற எட்டு வீடும் பிள்ளைகள் வாயில் இருக்கிறது. மங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் நிதா, கேட்ட நிமிஷமே "எனக்குச் சரிங்கம்மா" என்றாள். கலீல் பேச்சை மாற்றி, வந்திருக்கும் லோடு என்ன விலை என்று கேட்டான். அவன் பேச்சை மாற்றினால் வேண்டாம் என்று பொருள், அது பெற்றவளுக்குத் தெரியும்.

* "உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுத்துவிட்டால் ஆயிற்றே?" என்று கேட்கிற வாசகருக்கு: கொடுக்கலாம். ஆனால் துணி காய்வதும் பிரிப்பதும் அந்தக் காலி நிலத்தில்தான். அங்கே வேலை செய்யும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா உட்கார அவருக்கு வராது. ஒரு மூலையை வேண்டுமானால் விட்டுத்தருவார். அந்த மூலைதான் அடுத்த பகுதி.

3

"சாம்பிள் பாக்காம யாராச்சும் பல்க் ஓட்டுவாங்களா?" என்று கேட்டார் சைதுன்னிசா.

இந்த ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் முதலில் ஒரு பீஸ் தைத்து, வாங்குகிறவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மொத்தமும் மெஷினில் ஏறும். உயிலுக்கும் அதுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது. நிலத்தின் மூலையில், அந்தப் பன்னிரண்டில் சேராமல், ஒரே ஒரு வீடு. பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

கட்டினார். எப்படிக் கட்டினார் என்கிறீர்கள். கிரானைட் மேடை, சுவர் முழுக்க டைல்ஸ், தேக்குக் கதவு. சாவியை எடுத்துக்கொண்டு ஒச்சாயியைக் கூப்பிட்டார். ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. புருஷன் ராஜபாண்டி அங்கேயே இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். மடியில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். பெரியதை ஊரில் விட்டுவிட்டு வந்தால் ரூம் தருவதாக ஒரு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

ஒச்சாயி உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஏன் கண்ணு, புடிக்கலியா?"

"புடிச்சிருக்கு பாயம்மா. ஆனா இது சாம்பிள் பீசுல்ல? இதே மாதிரி அம்புட்டு வீடும் வருமா? வந்தாலும் நாங்க குடுக்குற வாடகைக்குக் கட்டுப்படியாகுமா?"

சைதுன்னிசா தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாம்பிளுக்கு மட்டும் நல்ல துணியும் நல்ல டெய்லரும் போட்டு அசத்திவிட்டு, மொத்த சரக்கில் மாட்டிக்கொள்ளும் கம்பெனிகளை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தவர் அவர். இப்போது அதையே தன் வீட்டில் செய்துவைத்திருக்கிறார்.

(இங்கே ஒச்சாயி கண் கலங்குவதாக ஒரு வரி வைத்திருந்தேன். அவள் கலங்கவில்லை. "கதவு மட்டும் இருக்கட்டும்" என்றாள்.)

மேடை கடப்பாக்கல் ஆயிற்று. டைல்ஸ் போய்ச் சுண்ணாம்பு வந்தது. தேக்குக் கதவு குடோன் ஆபீசுக்குப் போய்விட்டது. ஒச்சாயிக்கு அதில் இன்றுவரை வருத்தம். மிச்சமான காசில் பின்பக்கம் துணி துவைக்கத் தனி இடம் வந்தது. ஒச்சாயி மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஊரில் விடவிருந்த பெரியவனையும் கூட்டிக்கொண்டு குடிவந்தாள்.

4

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார் சைதுன்னிசா. கலீல் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தான். வண்டியில் வரும்போதே அதற்கான வாக்கியங்களை அடுக்கிவைத்திருந்தான். (நானும் அவற்றை எழுதிவைத்திருந்தேன். நியாயமான வாக்கியங்கள். அவன் கெட்டவன் இல்லை; வியாபாரி.)

சாப்பிட்டதும் எல்லோரும் மூலை வீட்டைப் பார்க்கப் போனார்கள். அங்கே ஒச்சாயி கொடுத்த டீயைக் குடிக்கும்போது கலீல் தொடங்கினான். "அம்மா, நான் சொல்றது என்னன்னா, இந்த எடத்துல —"

கைக்குழந்தை வீறிட்டது.

"எடம் ரோட்டுக்குப் பக்கம், அதனால —"

மறுபடி வீறிட்டது. ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தாள் ஒச்சாயி. ஆட்டுகிறபோதெல்லாம் தூளி சுவரில் இடித்தது. கலீல் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

"கொக்கி எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. கொத்தனார் வைக்கவில்லை, சைதுன்னிசா கேட்கவில்லை. கலீல் எழுந்து, தூளியை நிறுத்தி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையின் நடுவில் நின்றான்.

"ஏம்மா, குடும்பத்துக்கு ஊடு கட்டறீங்க, தூளி கட்டக் கொக்கி இல்லீங்களே. தளம் போட்டப்பறம் மாட்டுனா எங்க நிக்கும்? அடுத்த ஊட்டுக்குக் காங்கிரீட் போடறப்பவே வெச்சரணும்."

நிதா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊட்டுக்குண்ணா?"

கலீலின் முகம் சிவந்தது. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றான். குழந்தை அவன் தோளில் தூங்கிவிட்டிருந்தது. ஆகவே அடுக்கிவைத்த வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்ல வழியில்லாமல் போனது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

5

மறுநாளே சைதுன்னிசா வக்கீலிடம் ஓடினார். "அடுத்த ஊடுன்னு அவனே சொல்லிட்டானுங்க. எழுதிக்கோங்க."

"செல்லாதுங்கம்மா. உங்க காலத்துக்கு அப்பறம் சொல்லணும்."

"அப்ப நான் செத்துத்தான் பாக்கணுமா?"

"அவசரம் இல்லீங்க" என்றார் ஞானசம்பந்தம்.

ஆகவே முடிவுகள். முடிவு அ: பல வருஷம் கழித்து, ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் முடிந்து வந்த கலீல் — வேண்டாம். முடிவு ஆ: கலீல் மனம் மாறி, நாலு வீட்டுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டல் — இதுவும் நடக்கக்கூடியதுதான். எழுதக் கை வரவில்லை. எந்த முடிவுக்கும் முதல் வரியில் நான் இவரைக் கொல்ல வேண்டியிருக்கிறது. அது என்னால் ஆகாது. அவரும் விடமாட்டார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த வாரம் கலீல் வண்டியில் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து குடோன் வாசலில் இறக்கினான். உள்ளே இரும்புக் கொக்கிகள். "மொத்தமா எடுத்தா வெல கம்மிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் கிளம்பிப் போய்விட்டான்.

வீட்டுக்கு ஒன்றாயிற்றே, எண்ணிப் பார்க்கலாம் என்று நான் குனிந்தேன். சைதுன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணாதீங்க. நாலுதான்னா எனக்கு மொகம் வாடிப்போகும், அவனுக்குத் தெரிஞ்சிரும். பன்னெண்டுன்னா அவன ஊரெல்லாம் சொல்லியே வெக்கப்படுத்திருவேன். அவனாச் சொல்றப்பச் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு லோடு இறக்கப் போய்விட்டார். அவர் பேச்சை மீற எனக்குத் தைரியம் இல்லை. உங்களை அவர் ஒன்றும் தடுக்கவில்லையே. மூட்டை வாசலில்தான் இருக்கிறது, வாயைக்கூடக் கட்டவில்லை. போய் எண்ணிப் பாருங்கள். எத்தனை என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.