முதல் ஓலை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். பாலில் ஆடை மிதந்தாலும் வயிற்றைப் பிரட்டும். "உந்த மூக்கை வைச்சுக்கொண்டு எப்பிடியடி ஒருத்தனோடை வாழப்போறாய்?" என்று அம்மா கேட்பார். ஆகவே செபநாயகத்தைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டே கேளுங்கள். முழுவதையும் கழித்துவிடாதீர்கள்.

செபநாயகம் எனக்குப் பேசிய மாப்பிள்ளை. தகப்பன் எங்கள் மீன்பிடி ஊரான குருநகர் ஆள். பிள்ளை கொழும்பில் வளர்ந்து லண்டனுக்குப் போனவர். எண்பத்துமூன்றாம் ஆண்டு யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு லீவில் வந்து நின்றார். கலியாணம் செய்யக்கூடாத தபசுகாலம் முடிந்துவிட்டதால் வருகிற ஞாயிறு பூசையில் எங்கள் கலியாணத்தை ஊருக்கு அறிவிக்கிற ஓலையின் முதல் வாசிப்பு. மூன்று ஞாயிறும் வாசித்து முடித்தால் பிறகு நான் வாய் திறக்க முடியாது. அதற்கு முதல் இரண்டு பேரும் கொஞ்சம் பழகட்டும் என்று அம்மா நினைத்தார்.

மாப்பிள்ளைக்குக் கடலடியில் நீந்துவதுதான் பொழுதுபோக்காம். முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டர், கண்ணாடி, ஈட்டித் துவக்கு எல்லாம் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

"அப்ப நெடுந்தீவுப் பக்கம் பாருக்குப் போவம் மச்சான்," என்றார் என் தமையன் பேதுரு. கடலுக்கடியில் முருகைக்கல் வளர்ந்து கிடக்கிற இடத்தைத்தான் நாங்கள் பார் என்போம். மாப்பிள்ளை விடியவே ஒரு பெட்டி பியரோடு வந்து இறங்கினார். தீவில் இருக்கிற பாரில் நல்ல பியர் கிடைக்காது என்று தானே கொண்டுவந்தாராம்! அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரையில் எனக்கு அந்த மனுசனில் ஒரு குறையும் தெரியவில்லை.

அண்ணையின் வள்ளத்தில் நாலு பேராகப் போனோம். அம்மா சலரோகக்காரி, அடிக்கடி நா வறளும். அதனால் மூடி போட்ட பெரிய வாளி நிறையக் குடிதண்ணீர் ஏற்றியிருந்தோம்.

பாரில் நங்கூரம் போட்டதும் மாப்பிள்ளை கண்ணாடிக்குள் காறித் துப்பினார். ஆவி படியாமல் இருக்க எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். சரி. துப்பலை விரலால் சுற்றித் தேய்த்தார். அதுவும் சரி. பிறகு கண்ணாடியைக் கழுவச் சொல்லி அண்ணையிடம் நீட்டிவிட்டு, அதே விரலை என் மடியிலிருந்த புட்டுப் பெட்டிக்குள் விட்டுக் கிண்டினார்.

"இதுக்கை இறால் இருக்கோ ஸ்ரெல்லா?"

நான் பெட்டியை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

இறங்கி ஏறினார், இறங்கி ஏறினார். ஒவ்வொரு முறையும் ஈட்டியில் ஒரு கிளிமீன். அதைத் தூக்கிப் பிடிப்பார், அண்ணை படம் எடுப்பார், மீன் திரும்பக் கடலுக்குள் போகும். மீன் சாவது எங்களுக்குப் புதினமில்லை, அதில்தானே சீவிக்கிறோம். ஆனால் குடல் தள்ளிய மீன்கள் ஒருவருக்கும் உதவாமல் வள்ளத்தைச் சுற்றி மிதந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏன் தம்பி எறியிறியள்? கறிக்கு ஆகுமே," என்றார் அம்மா.

"நான் உந்த மீன் சாப்பிடுறேல்லை மாமி."

கடைசியாக ஒரு வலைப்பை நிறையச் சோகிகளோடு, அதுதான் உருட்டி விளையாடுகிற சோழிகளோடு, ஏறினார். எல்லாம் உயிர்ச் சோகி. ஓட்டுக்கு மேலே சளி போலத் தசை வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் என்ன ஏது என்று கேட்கமுதல் வாளி மூடியைத் திறந்து, பையை அதற்குள் கவிழ்த்தார்.

"நல்ல தண்ணியிலை போட்டால்தான் கெதியாச் சாகும். மினுக்கம் கெடாது."

"மச்சான், அது குடிக்கிற தண்ணி," என்றார் அண்ணை, மெதுவாக.

"அப்பிடியே? பரவாயில்லை, பியர் இருக்குத்தானே."

திரும்பி வரும்போது வெயில் தீயாய் எரித்தது. வாளியில் நுரை கட்டி நூல் நூலாக வழுவழுத்தது. நாற்றமும் கிளம்பிவிட்டது. அம்மா நாவால் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, நெடுந்தீவுத் துறைக்குத் திருப்புங்கோ. அம்மாவுக்குத் தண்ணி வேணும்," என்றேன்.

"எனக்குப் பின்னேரம் ஒரு விருந்து இருக்கு," என்றார் மாப்பிள்ளை. அண்ணை என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். வள்ளம் திரும்பவில்லை.

மாப்பிள்ளை பெரிய மனது பண்ணி, சோகிகளைக் கையால் ஒதுக்கி, ஒரு கோப்பை அள்ளி அம்மாவிடம் நீட்டினார். வாளிக்கும் கோப்பைக்கும் இடையில் சளி ஒன்று இழுபட்டுத் தொங்கியது.

"குடியுங்கோ மாமி. கடல் சாமான்தானே, ஒண்டும் செய்யாது."

"குடியாதேங்கோ அம்மா!"

அம்மா என்னை முறைத்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி முழுவதையும் குடித்தார். உதட்டைச் சேலையால் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குத் தம்பி," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது. வள்ளத்து விளிம்பைப் பிடித்துக் குனிந்து சத்தி எடுத்தேன்.

"பிள்ளைக்குக் கடல் ஒத்துவாறேல்லைத் தம்பி," என்றார் அம்மா. குருநகரில் பிறந்த எனக்குத்தான் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம், ஓலை வாசிப்புக்கு உடுக்கிற சேலையை அம்மா ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தபோது நான் கோயிலுக்குப் போனேன். ஓலை வாசித்து முடித்ததும், இவர்களுக்குள் விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று எங்கள் பங்குச் சுவாமி கேட்பது வழக்கம். அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"சுவாமி, நாளைக்கு வாசிக்கிற ஓலைக்கு விக்கினம் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் சொன்னது?"

"நான்தான்."

"ஏன், அவருக்கு லண்டனிலை வேறை கலியாணம் நடந்திருக்கோ?"

"இல்லைச் சுவாமி."

"உங்களுக்குள்ளை கிட்டின சொந்தமோ?"

"இல்லை."

"பின்னை என்ன விக்கினம் பிள்ளை?"

"சோகி செத்த தண்ணியை அவர் அள்ளிக் குடுக்க, எங்கடை அம்மா சிரிச்சுக்கொண்டு குடிச்சவ. ஓலை வாசிச்சால் அடுத்த கோப்பை எனக்குத்தான் சுவாமி. என்னாலை ஏலாது."