நூற்றெழுபத்தைந்தில் தொடங்கிய கோடு

என் தம்பி தண்ணீருக்கடியில் போல்ட்டு கழற்றுவான். நான் மேலே மிதவையில் உட்கார்ந்து கோடு போடுவேன். "உனக்கென்ன, நிழல்ல பென்சில் பிடிக்கிற உத்தியோகம்" என்று என் கணவர் கிண்டலடிப்பார். சிலிண்டரில் காற்று அடைப்பது அவர் வேலை. எதையும் ஆற அமரச் செய்யத் தெரியாத மனிதர். வீட்டில் அவருக்குப் பெயரே 'அவசரம்'.

அன்று குடிநீர் நிலையத்தின் நீர்த்தேக்கத்தில் வேலை. குழாய் வாயில் இருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்துவிட்டது. பதினாறு போல்ட்டு. சேறு கலங்கினால் கீழே தன் கையே தனக்குத் தெரியாது. இடுப்பில் தொங்கும் மீட்டரை எங்கே படிப்பது? எவ்வளவு காற்று மிச்சம் என்பதை என் கோடுதான் அவனுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் கயிறு வழியாக. இரண்டு இழுப்பு என்றால் ஏறி வா. அவன் ஒரு முறை நீளமாக இழுத்தால் கொஞ்சம் பொறு என்று பொருள். நான்கு இழுப்பு என்றால் போட்டது போட்டபடி கிளம்பு. நான்கை நான் அதுவரை இழுத்ததே இல்லை.

கோடு போடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தாளின் இடது ஓரத்தில் ஆரம்ப அழுத்தத்துக்கு ஒரு புள்ளி. பாடப் புத்தகத்தில் இதற்கு வெட்டுத்துண்டு என்று பெயர், ஏதோ கறிக்கடை சமாச்சாரம் மாதிரி. அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம், அது ஒரு நிமிடம். கீழே ஒரு கட்டம், அது மீட்டரில் ஐந்து. இதுதான் சாய்வு. தம்பி மும்முரமாக வேலை செய்தால் நிமிடத்துக்கு ஐந்து அளவு காற்றைச் செலவழிப்பான். மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து நான் பிடித்த கணக்கு அது. மீட்டரில் இருநூறைப் பார்த்து நானே புள்ளி வைத்தேன். முப்பதாவது நிமிடத்தில் கோடு ஐம்பதுக்கு இறங்கும். அப்போது இரண்டு இழுப்பு. கருவிகளைக் கட்டிக்கொண்டு மெல்ல ஏறி வர அவனுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும்.

இருபத்தாறாவது நிமிடத்தில், அடுத்த இறக்கத்துக்காகத் தண்ணீரில் போட்டிருந்த இன்னொரு சிலிண்டரைக் கணவர் மேலே தூக்கி மீட்டரை மாட்டினார். ஒரு தட்டு தட்டினார்.

"என்னம்மா இது, மீட்டர் மக்கர் பண்ணுது. நூத்தி எழுபத்தஞ்சு காட்டுது."

"கசியுதா?"

"தண்ணிக்குள்ளதானே கிடந்துச்சு. கசிஞ்சா கொப்புளம் வந்திருக்குமே."

"ஏங்க, இது எப்ப அடைச்சது?"

"தம்பி எடுத்துட்டுப் போனதோட சேர்த்துத்தான். காலையில மெஷின் பெல்ட்டு அறுந்து லேட்டாயிடுச்சா, ரெண்டையும் ஒரே மூச்சுல..."

"ஆற வச்சீங்களா?"

அவர் தம்பியின் கொப்புளங்கள் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வேகமாக அடைத்தால் சிலிண்டர் சுடும். அந்தச் சூட்டில் மீட்டர் இருநூறு காட்டும், ஆறினதும் இறங்கிவிடும். தம்பி முதுகில் இருந்ததும் தண்ணீரில் இப்படித்தான் ஆறி இறங்கியிருக்கும். அதனால்தான் ஒரு மணி நேரம் ஆற வைத்துவிட்டுப் படிக்க வேண்டும் என்று இவரிடம் தலைப்பாடாக அடித்துக்கொள்வேன். ஆனால் மீட்டரைப் படித்தது நான். சிலிண்டரைத் தொட்டுப் பார்க்காதவளும் நான்தான். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது.

நூற்றெழுபத்தைந்தில் புதுப் புள்ளி வைத்தேன். ஒரு கட்டம் வலம், ஒரு கட்டம் கீழ். அதே சாய்வு, பழைய கோட்டுக்கு ஐந்து கட்டம் கீழே. அது ஐம்பதைத் தொட்டது இருபத்தைந்தாவது நிமிடத்தில். காற்றே தீர்ந்துபோகும் அடியைத் தொட்டது முப்பத்தைந்தில். கடிகாரத்தில் இருபத்தேழு ஆகியிருந்தது.

இரண்டு முறை இழுத்தேன்.

கயிறு ஒரு முறை நீளமாக இழுபட்டது. பொறு என்கிறான். அக்கா நேரத்துக்கு முன்னால் கூப்பிடமாட்டாள், இன்று ஏதோ அவசரப்படுகிறாள் என்று நினைத்திருப்பான். மறுபடி இரண்டு இழுத்தேன். மறுபடியும் பொறு.

"இன்னும் நேரம் இருக்கேம்மா" என்றார் கரையோரமாக நின்ற குடிநீர் நிலையப் பொறியாளர். "கடைசி போல்ட்டாத்தான் இருக்கும். அத விட்டா நாளைக்கு மறுபடி பம்ப்ப நிறுத்தணும். உங்க கோடே முப்பதுன்னுதானே சொல்லுது?"

"அந்தக் கோடு பொய் சார்."

நான்கு இழுத்தேன். இழுத்த வேகத்தில் அது நான்காகப் போய்ச் சேர்ந்ததா என்றே சந்தேகம். பதில் இல்லை. எண்ணி இன்னொரு நான்கு. கயிறு தொய்ந்து கிடந்தது. இருபத்தொன்பது. கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு விளிம்புக்குப் போனார்.

"சும்மா இருங்க! ரெண்டு பேரையும் என்னால தேட முடியாது."

அவர் அப்படியே நின்றார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. முப்பது. முப்பத்தொன்று. கொப்புளங்கள் நகர்கிற மாதிரி இருந்தது, பிறகு இல்லாத மாதிரி இருந்தது. முப்பத்திரண்டில் தம்பியின் தலை மேலே வந்தது.

முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். "முப்பதுன்னு சொல்லிட்டு என்னக்கா இது? ஒரே ஒரு போல்ட்டு! நாலு இழுத்ததும் மாமாவுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்தேன்."

அந்த மாமா அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் தம்பியின் இடுப்பு மீட்டரைத் திருப்பினேன். பதினைந்து. முப்பத்திரண்டுக்கு நேராகப் புள்ளி வைத்தேன். அது இரண்டாவது கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்தது.

"சூட்டோட குடுத்துட்டேன்டா" என்றார் என் கணவர்.

தம்பிக்கு இரண்டு கோட்டையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தான். முப்பத்தைந்து. ஈரவிரலை மேல் கோட்டில் வைத்தான்.

"இதும்படி நான் இன்னும் கீழதான்க்கா இருக்கேன். கருவியெல்லாம் கட்டிக்கிட்டு, மெதுவா ஏறிக்கிட்டு."

பிறகு விரலை நேராகக் கீழே இறக்கினான், இரண்டாவது கோடு அடியைத் தொட்ட கட்டம் வரை. அங்கிருந்து விரலை எடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.