வெட்டாமல் எடுத்த பாட்டு

"ரோஜாப்பூவை யாருங்க கேட்டது?"

கேசட் கம்பெனிக்காரர் ராஜாங்கம் ரிமோட்டை அமுக்கினார். திரையில் பூ பாதி விரிந்தபடி நின்றது.

2005 ஐப்பசி. மரக்காணத்தில் என் வீடியோ கடை. கல்யாணம், காது குத்து போக, லோக்கல் கேபிளுக்கு ஆல்பம் பாட்டும் எடுப்பேன். அம்மன் பாட்டென்றால் தீச்சட்டி, மேலே சுழலும் சூலம். கானா என்றால் கூலிங்கிளாஸ் போட்ட நாலு பேர். காதல் என்றால் பீச்சில் ஸ்லோமோஷன். இயேசு பாட்டுக்கு அருவி, புறா. பத்து வருஷமாக இதில்தான் சோறு.

சூர்யகலா உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவள். அவள் பாட்டைப் போனில் கேட்ட ராஜாங்கம், "வீடியோ எடுத்து வைங்க. நேர்ல வர்றேன். புடிச்சிருந்தா ஆறு பாட்டு ஆல்பமே போடறேன்" என்றிருந்தார்.

"காலெல்லாம் வெடிச்சிப் போச்சிண்ணா. இது மட்டும் நடந்துட்டா அந்தப் பக்கமே தலைவெச்சிப் படுக்க மாட்டேன்" என்றாள் அவள்.

புரட்டாசிக் கடைசியில் உப்பளத்திலேயே ஷூட்டிங். ஸ்டுடியோவில் பதிந்த பாட்டை ஓடவிட்டு வாயசைக்கச் சொன்னேன். வரவில்லை.

"சும்மா நின்னுகினு எப்படிண்ணா பாடறது? அந்த உப்பு வார்ற பலகையக் குடுங்க."

பாட்டை நிறுத்தினேன். அவள் பாத்தியில் இறங்கி உப்பை வாரிக்கொண்டே பாடினாள். பலகையின் ஒவ்வொரு இழுப்புக்கும் பாட்டில் ஒரு அடி. நாலு நிமிஷம், வெட்டே இல்லாத ஒரே ஷாட்.

எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. டான்ஸ் இல்லை. டிரெஸ் மாற்றமில்லை. ஒரு சிரிப்புகூட இல்லை. எவன் பார்ப்பான்? வினோதினி என்ற டான்ஸ் பெண்ணைக் கூட்டிவந்து வாயசைக்க வைத்தேன். அவள்மேல் விரிகிற மாதிரி ஒரு ரோஜா கிராபிக்ஸ். சூர்யகலாவுக்குப் பத்து செகண்ட் விட்டேன்.

ராஜாங்கம் இப்போது ரிமோட்டில் அந்தப் பத்து செகண்டுக்குத்தான் ஓட்டி வந்து நிறுத்தினார்.

"இந்த மாதிரி பூ எங்க குடோன்ல மூட்டை மூட்டையா கெடக்குது. இந்தம்மா உப்பு வார்றது முழுசா எங்க?"

வாசலோரம் நின்றிருந்த சூர்யகலாவின் முகம் மலர்ந்தது. "இருக்குது சார். அண்ணன் முழுசா எடுத்தாரு."

இல்லை. எடிட்டிங் முடிந்த மறுநாள் வானூரில் ஒரு விசேஷம். வேலைதான் முடிந்துவிட்டதே என்று அதே டேப்பை ரிவைண்ட் செய்து அதன்மேலேயே எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

"அழிஞ்சிட்டுது சார்."

"அப்ப திரும்ப எடுங்க. ஒரு வாரம் டைம். பொங்கலுக்கு ரிலீஸ் பண்ணணும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உப்பளம் மொத்தமும் ஏரியாகிக் கிடந்தது. தை பிறக்காமல் பாத்தியில் ஒரு கல் உப்பு விளையாது. விஷயத்தைச் சொன்னேன். ராஜாங்கம் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

சூர்யகலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதும்மேல என்னாண்ணா எடுத்தீங்க?"

"காது குத்து."

"கொழந்த அழுதுச்சா?"

"ம்."

"அது நல்லா வந்திருக்கும்."

அதற்கு அவள் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

"தை மாசம் எடுத்துடலாம் சூர்யா. நானே மெட்ராசுக்குக் கொண்டுபோய்க் காட்டறேன்."

"அன்னிக்கி நீங்க கேமரா வச்சிருந்ததையே மறந்துட்டேண்ணா. இனிமே மறக்க வருமா?"

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். குடையைக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.