சார்ஜ் கொடுக்கும் நேரம்

சனிக்கிழமை நாலு மணிக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நீலாவதி மூன்றாவது தடவையாக பீரோவைத் திறந்து, இலைப்பச்சைப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாள்.

“அதையே கட்டிக்கோம்மா. நீ எடுத்து எடுத்து வைக்கிறதுல அது கசங்கிடப் போகுது,” என்றாள் மகள் வித்யாலட்சுமி.

“சும்மா பார்த்தேன்.”

“காலையில இருந்து சும்மாதான் பார்க்கிற.”

நீலாவதிக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கூட்டத்துக்குப் போவதற்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கரியாஹாட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாதம் ஒரு முறை கூடுகிறார்களாம். டாக்டர் ஒருவர் வந்து அரை மணி நேரம் பேசுவார். மீதி நேரம் அவரவர் பாட்டை அவரவர் சொல்லலாம். டீயும், சிங்காடா என்கிற சமோசாவும் உண்டு. வித்யா எம்.எஸ்ஸி. படித்தவள், தேடித் துருவி எண்ணைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதை நடத்தும் மாதங்கி என்ற பெண்மணி போனில் சொன்ன ஒரு வாக்கியத்தை நீலாவதி இரண்டு வாரமாகப் பிரசாதம் போல வைத்திருந்தாள்: “நீங்க எதுவும் கொண்டுவர வேண்டாம். வந்து உட்காருங்க, போதும்.”

வந்து உட்காருவது. பதினாலு மாதமாக அவள் உட்கார்ந்தது கிடையாது. தாயும் மகளும் சேர்ந்து வெளியே போனதும் கிடையாது. ஒருத்தி போனால் ஒருத்தி கதவுக்குக் காவல்.

இரண்டேகாலுக்கு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஆயா சென்டரிலிருந்து போன் வந்தது. நாளைக்கு வருவதாக இருந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். வேறு ஆண் ஆள் திங்கட்கிழமைதான் கிடைக்கும்.

நீலாவதி போனை வைத்துவிட்டு பீரோவைப் பூட்டினாள்.

“எதிர்வீட்டு ரஞ்சன் காக்குகிட்ட கேக்கலாம்மா,” என்றாள் வித்யா, வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடும் முறையில். “நாளைக்கு அவருக்கு ஷிஃப்ட் கிடையாது.”

“எதுக்குன்னு கேப்பானே.”

“சொல்லுவோம்.”

“சொல்லிட்டு? சாயங்காலத்துக்குள்ள நாலு மாடிக்கும் தெரிஞ்சிடும்.”

டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த அந்த வார்த்தையைத் தாயும் மகளும் தங்களுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்வதில்லை. ‘அந்த விஷயம்’ என்பார்கள். வெளியாட்களுக்கு நீலாவதி வேறு ஒன்று வைத்திருந்தாள். கணவருக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால்தான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். இந்த ஒரு பொய்யால் கட்டடம் முழுக்க அவள் கணவர் கதிரேசனிடம் தொண்டை கிழியப் பேசியது. “இந்தப் பயலுக எல்லாம் ஏன் கத்துறானுக?” என்று அவர் வீட்டுக்குள் வந்து கேட்பார்.

அவளுக்குச் சொல்ல வாய் வராததற்குக் காரணம் இருந்தது. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் கதிரேசன் யார்டு மாஸ்டராக இருந்தவர். பதினோரு இலக்க வேகன் எண்ணை ஒரு தடவை பார்த்தால் போதும், மாதக் கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார். கார்டன் ரீச் தலைமை அலுவலகத்து அதிகாரிகளே ரிஜிஸ்டரைப் புரட்டாமல் அவருக்குப் போன் போடுவார்கள். அந்த மனிதரைப் பற்றி எந்த வாயால் சொல்வது?

மூன்றரைக்குக் கதிரேசன் எழுந்தார்.

தினமும் நடப்பதுதான். மேசை டயரி ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். வாசலைப் பார்ப்பார். நாலு மணி நெருங்க நெருங்க நடை வேகமாகும். ஷூவை மாட்டிக்கொள்வார். ஜூன் மாதம் ஒரு நாள் கண் அசந்த நேரத்தில் கிடர்பூர் மார்க்கெட் வரை போய்விட்டார். கைவண்டிக்காரர் ஒருவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

“நேரமாச்சு. போகணும்,” என்றார் கதிரேசன்.

“எங்கேயும் போக வேண்டாங்க. இங்கேயே உட்காருங்க.”

“எவ்வளவு நேரம் உட்கார்றது? மணி என்னன்னு பாரு.”

“நீங்க ரிட்டயர் ஆயாச்சு. உங்களுக்கு டியூட்டியே கிடையாது.”

“டியூட்டி கிடையாதா? அப்ப இது என்ன?” அவர் டயரியால் தொடையில் தட்டினார். குரல் ஏறியது. இதற்குமேல் என்ன வரும் என்று நீலாவதிக்குத் தெரியும். கத்தல், கதவை உதைத்தல், எட்டு மணிக்கு ஓய்ந்துபோய்ச் சாப்பிடாமல் படுத்தல்.

அந்த நேரம் பார்த்துக் கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். வித்யா கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டாள். சிலிண்டர் சமையலறைக்கு உருண்டது. அவ்வளவுதான் அவகாசம். கதிரேசன் மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தார். நீலாவதி பின்னாலேயே ஓடினாள்.

கீழிருந்து எதிர்வீட்டு ரஞ்சன் ஏறி வந்துகொண்டிருந்தான். கப்பல் கட்டும் தளத்தில் வேலை; ஷிஃப்ட் முடிந்து, கையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு வருகிறான். நாற்பது வயதானாலும் நாக்கு துடுக்கு. கதிரேசனை அண்ணன் முறையில் ‘தாதா’ என்பான்.

கதிரேசன் ஹெல்மெட்டைப் பார்த்தார். முகம் மாறியது.

“மணி என்ன?” என்றார் வங்க மொழியில். “நாலு பத்து. உனக்கு எப்பவும் இதே பிழைப்பாப் போச்சு.”

ரஞ்சன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு, காது கேளாதவருக்குக் கத்துவதைப் போலக் கத்தினான். “மன்னிச்சிடுங்க தாதா. பஸ் கிடைக்கல. நீங்க வீட்டுக்குப் போங்க, இனிமே நான் பார்த்துக்கிறேன்.”

“கத்தாதே. முதல்ல கெட்டதைக் கேட்டுக்கோ. மூணாவது லைன்ல ஒரு வேகனுக்கு பிரேக் பிடிக்கல. அதைத் தொடாதே. ஏழாவது லைன் காலி. கையெழுத்துப் போடு.”

டயரி நீண்டது. ரஞ்சன் நீலாவதியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பேனா வாங்கி, பக்கத்தின் நடுவில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். ஒரு சல்யூட்டும் வைத்தான்.

கதிரேசன் திரும்பினார். வீட்டுக்குள் வந்தார். ஷூவைக் கழற்றி அதனதன் இடத்தில் வைத்தார். நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினார்.

“அப்பாடா,” என்றார். “நீலா, காபி.”

குடித்தார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தூங்கிப்போனார்.

சமையலறையில் நீலாவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வித்யா, அவர் டியூட்டிக்குப் போகணும்னு சொல்லலடி.”

“பின்ன?”

“டியூட்டியிலதான் இருக்கார். காலையில இருந்து. ரிலீவர் வரலைன்னு தவிக்கிறார்.”

வித்யா கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

யார்டில் அதுதான் சட்டம். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, டயரியில் கையெழுத்துப் போட்டு, சார்ஜ் எடுத்துக்கொண்டால்தான் இவர் எழுந்திருக்கலாம். வரவில்லையென்றால் எட்டு மணி நேரம் பதினாறு ஆகும். வித்யா பிறந்த அன்று மருத்துவமனைக்கு அவர் ஆறு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். “கையெழுத்து வாங்காம எப்படி எழுந்து வர்றது?” என்று கேட்டவரை நீலாவதியின் அம்மா ஒரு வருடம் மன்னிக்கவில்லை.

“பதினாலு மாசமா நாம என்ன சொன்னோம்?” என்றாள் நீலாவதி. “எங்கேயும் போகாதீங்க, இங்கேயே உட்காருங்க.”

“டபுள் டியூட்டி போட்டிருக்கோம்,” என்றாள் வித்யா.

“தினமும்.”

“லீவு நாள்லகூட.”

முதலில் வித்யாதான் சிரித்தாள். பிறகு நீலாவதிக்கு அடக்க முடியவில்லை. சத்தம் கேட்டுவிடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடத்தில் கதிரேசனின் குறட்டை சீராக ஓடியது.

அன்று இரவு அவர் நாலு தோசை சாப்பிட்டார். சட்னியில் உப்பு கம்மி என்று குறையும் சொன்னார். குறை சொன்னதைக் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பரிசு விழுந்தவர்கள் மாதிரி.

“இதை நாளைக்கு அங்க சொல்லியே ஆகணும்மா,” என்றாள் வித்யா. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “எத்தனை பேர் வீட்ல இப்படித் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு இருப்பாங்களோ. அவங்ககிட்ட நமக்குத் தெரியாதது என்னென்ன இருக்குமோ.”

“நாளைக்கும் ரஞ்சனைக் கையெழுத்துப் போடச் சொல்லிட்டுப் போயிடலாம். அவன்தான் விளையாட்டுன்னு நினைச்சிட்டு இருக்கானே.”

“அதாம்மா பிரச்சினை. விளையாட்டு ஒரு தடவைதான். அஞ்சு மணிக்கு அப்பா எழுந்து மறுபடி கேட்டா, ‘என்ன தாதா, நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே’ன்னு காக்கு சிரிப்பார். நல்ல மனசோடதான் சிரிப்பார். நாமளும் நல்ல மனசோடதானே சொல்லிட்டு இருந்தோம்?”

நீலாவதி தோசைக்கல்லை ரொம்ப நேரம் தேய்த்தாள். பிறகு சொன்னாள்: “நீ எதுவும் சொல்லாதே. நானே சொல்றேன்.”

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் இலைப்பச்சைப் புடவையில் இருந்தாள். வித்யா போனில் கார் புக் செய்தாள். ஏழு நிமிடத்தில் வரும் என்றது. ரஞ்சன் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றான். ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னது வித்யா.

“என்ன பௌதி, நாடகத்துல எனக்கு நிரந்தர வேஷமா?” என்றான். அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவான். “புடவை பிரமாதம். எங்க கிளம்பிட்டீங்க?”

“ஒரு கூட்டம். ஏழு மணிக்குள்ள வந்துடுவோம். அவர் கூட நீ கொஞ்சம் இருக்கணும்.”

“இருந்துட்டாப் போச்சு. என்ன கூட்டம்?”

“அது வந்து, காதுக்கு…” என்றாள் நீலாவதி. பழக்கதோஷம். அருகில் வித்யா செருப்பு வாரைப் போடுவதாகக் குனிந்து தரையையே பார்த்தாள். மகள் உதவப் போவதில்லை.

“வெளியே யாரு?” உள்ளேயிருந்து கதிரேசனின் குரல். “ரிலீவர் வந்தாச்சா?”

ரஞ்சன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “நான் மெதுவாத்தானே பேசினேன், பௌதி?”

கீழே கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. நீலாவதி படிக்கட்டைப் பார்த்தாள். போய்விடலாம். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிட்டு ஓடிப் போய்க் காரில் ஏறிவிடலாம்.

கதிரேசன் டயரியோடு வெளியே வந்தார். மனைவியைப் பார்த்தார், ரஞ்சனைப் பார்த்தார். ரஞ்சனின் கையில் ஹெல்மெட் இருந்ததில் அவருக்குத் திருப்தி.

“முதல்ல கெட்டதைச் சொல்லிடணும்,” என்றார். யாரிடம் என்று தெளிவில்லை. “காலி லைனைச் சொல்ல மறந்தாக்கூடப் பரவாயில்லை. பழுதைச் சொல்லாம சார்ஜ் கொடுக்கக் கூடாது. ராத்திரி வர்றவன் அதுல போய்க் கை வெச்சிடுவான்.”

முப்பத்திரண்டு வருடம் அவர் தினமும் அப்படித்தான் சார்ஜ் கொடுத்தார். பழுதை மறைத்தார் என்று ஒரு சொல் கேட்டதில்லை. நீலாவதி அவர் கையிலிருந்து டயரியை மெல்ல வாங்கினாள். ஆச்சரியம், கொடுத்துவிட்டார். அதை ரஞ்சனிடம் நீட்டினாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால் நேற்றுப் பீரோ முன்னால் அடித்ததைப் போலத்தான் அதுவும் இருந்தது.

“கையெழுத்து அப்புறம் போடு, ரஞ்சன். முதல்ல கேட்டுக்கோ,” என்றாள். “அவருக்குக் காதெல்லாம் நல்லாக் கேக்கும். அவருக்கு வந்திருக்கிறது அல்சைமர்.”