சிவப்புப் பொட்டு வைத்த நட்டுகள்

பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் முதல்முறை படுத்தபோதே பல் டாக்டர் அந்தப் பொட்டுகளைப் பார்த்துவிட்டார். சில நட்டுகளின் தலையில் மட்டும் சிவப்பாக ஒரு துளி.

“என் நெயில் பாலிஷ்,” என்றாள் மனைவி, ஷெட் வாசலில் நின்றபடி. “அவரோட பழக்கம். ஒரு நட்டை முழுசா டைட் பண்ணினதும் பொட்டு வச்சிடுவார். பொட்டு இல்லேன்னா வேலை பாக்கின்னு அர்த்தம். நான் விரல்ல வச்சதைவிட இந்த வண்டிக்கு வச்சதுதான் ஜாஸ்தி.”

அவர் என்றால் அவளுடைய முதல் கணவர். ஆசை ஆசையாக வாங்கிய வண்டியைப் பாதி சரிசெய்திருந்த நிலையில் காய்ச்சலில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அவளைக் கல்யாணம் செய்துகொண்டு டாக்டர் இந்த வீட்டுக்கு வந்தபோது வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதை ஓட வைத்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டால், இந்த வீட்டில் தான் விருந்தாளி இல்லை என்று தனக்கே நம்பிக்கை வந்துவிடும் என நினைத்தார்.

“பல்லைத் தவிர வேற எதையாவது கழட்டியிருக்கீங்களா டாக்டரே?”

“ரெண்டும் ஒண்ணுதான். இது கத்தாது, அவ்வளவுதான்.”

காலையில் கிளினிக் கிளம்புமுன் கொஞ்ச நேரம் வேலை. பல்லில் படிந்த காறையைச் சுரண்டும் கொக்கியால் துருவைச் சுரண்டினார். கண் எட்டாத மூலைகளை, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் பார்த்தார்.

கியர்பாக்ஸை ஏற்றி, தானே கடையில் வாங்கிய புது நட்டுகளைப் போட்டுவிட்டுப் போன அன்று, மாலையில் வந்து பார்த்தால் அவற்றிலும் பொட்டு.

இவள்தான் என்று முதலில் சிரித்துக்கொண்டார். ஆனால் அடுத்தடுத்து அச்சு, பிரேக், ரேடியேட்டர் என்று அவர் கை வைத்த இடமெல்லாம் சிவந்தது. தன் உழைப்புக்கு அடியில் வேறொருவர் கையெழுத்து. போதாததற்கு, புதுப் பஞ்சு திணித்துத் தைத்த நீள சீட்டில், ஸ்டியரிங்குக்கு நேராக ஒரு குழி விழுந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன மாதிரி. மறுபடி பிரித்துத் திணித்தார். மறுபடி குழி விழுந்தது.

மனைவி பொட்டுகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஒருநாள் கண்டார். அவரை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணியபடி வண்டிக்கு அடியில் போனார்.

வண்டியை வெளியே எடுக்கப்போகும் ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை அடியில் படுத்தார். எல்லாம் சிவப்பு. ஸ்டியரிங்கை முன் சக்கரங்களோடு பிணைக்கும் தண்டின் நட்டு ஒன்று மட்டும், கண்ணாடிக்குள் வெறுமையாகத் தெரிந்தது.

“ஒண்ணு விட்டுட்டியேம்மா,” என்றார், குரலில் கசப்பு ஏறாமல் பார்த்துக்கொண்டு.

“எதை?”

“பொட்டை. தினம் நீதானே வைக்கறே? பரவாயில்லே. நான் தப்பா எடுத்துக்கலே.”

தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

“நானா? நீங்கன்னுல்ல நெனச்சேன்! எனக்காக அவர் பழக்கத்தை விடாம செய்யறீங்கன்னு... இப்படி ஒரு மனுஷனான்னு அழுதிருக்கேன்.”

உள்ளே போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். மூடி திரும்பவே இல்லை. அடியில் பாலிஷ் கல்லாக உறைந்திருந்தது.

டாக்டர் மீண்டும் வண்டிக்கு அடியில் போனார். வெறுமையாக இருந்த நட்டைத் தொட்டார். ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே சுழன்றது.

“என்னாச்சு?”

“டைட் பண்ணவே இல்லே. பல்வலின்னு யாரோ போன் பண்ணாங்க, சும்மா மாட்டிட்டு ஓடிட்டேன். முதல் திருப்பத்துலயே தண்டு கழண்டு ஸ்டியரிங் சும்மா சுத்தியிருக்கும். உன்னையும் வச்சுக்கிட்டு...”

ஸ்பேனரை எடுத்து, மூச்சைப் பிடித்து முடுக்கினார். பிறகு அந்த இருட்டைப் பார்த்து, “முடிச்சிட்டேன்,” என்றார் மெல்ல. கண்ணாடியை மறுபடி விட்டுப் பார்க்கும் துணிச்சல் வரவில்லை.

ஏறுவதற்காக ஸ்டியரிங்குக்கு மறுபக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“இங்க வந்து பாருங்க.”

ஸ்டியரிங்குக்கு நேராக சீட்டு மேடாக, புதிதாக இருந்தது. குழி மறுபக்க ஜன்னல் ஓரத்துக்கு மாறியிருந்தது.

அவள் அந்தக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சுற்றி வந்தாள். ஓட்டுபவர் பக்கமாக ஏறி, நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் ஸ்டியரிங்குக்கு நேராக ஏறி உட்கார்ந்தார். அவள் தோள் அவர் தோளில் பட்டது.

இரண்டு தடவை அறைந்தால்தான் மூடும் அந்த மறுபக்கக் கதவு, யார் கையும் படாமல், ஒரே தடவையில் சாத்திக்கொண்டது.

“மெதுவா ஓட்டுங்க,” என்றாள் அவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. “பல் டாக்டர் ஓட்டறார்னா, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குப் பயமா இருக்காதா?”